ஒரு குதிரைக்கு எத்தனை டொலர்?

போன எபிசோடின் கடைசி ஐந்து நிமிடத்தில், கிளவுட் பில் ஏன் வீங்குது எண்டு கதைச்சுக்கொண்டிருந்தபோது, "என்ர காருக்கும் இதே வருத்தம்தான் வந்தது" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு வந்த மின்னஞ்சல்களில் பாதிக்கு மேல் கிளவுட் பற்றியே இல்லை. "அண்ணா, என்ன கார்? எஞ்சினுக்கு எவ்வளவு முடிஞ்சது?" சரி, இந்த மடல் முழுக்க அதுதான். பில்லோடு சொல்லுறன். என்ர மனைவியும் இதை வாசிப்பா, அதால் கணக்கில் கள்ளம் இல்லை.

கார் 1972 செவ்ரலே நோவா, இரண்டு கதவு. பீற்றர்பரோ பக்கம் ஒரு பண்ணைக் கொட்டிலில் கிடந்தது. உள்ளே 307 கன அங்குல வி8. கம்பனி எழுதிக் கொடுத்த வலு 130 குதிரை. ஓம், ஐந்து லீற்றர் எஞ்சினுக்கு 130. இண்டைக்கு ஷோரூமில் நிக்கிற கொரோலா அதைவிடக் கூட.

இந்த எண்ணைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனெண்டால் மசில் கார் ஆக்கள் கதைக்கிற எண்களில் பாதி இதில்தான் குழம்பும். 1971 மொடலில் இதே 307க்கு விளம்பரத்தில் போட்டது 200 குதிரை. அடுத்த வருடம் 130. எஞ்சின் பெரிதாக மாறவில்லை, அளக்கிற விதம்தான் மாறியது. அதுவரை கம்பனிகள் எஞ்சினைத் தனியாக ஒரு ஸ்டாண்டில் வைத்து, ஏர் ஃபில்டர் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, சைலன்சர் இல்லை என்று எல்லாப் பாரத்தையும் கழற்றிவிட்டு அளந்தார்கள். அது 'கிரொஸ்'. 1972இல் இருந்து காரில் பூட்டியிருக்கிற மாதிரியே எல்லாவற்றோடும் அளந்தார்கள். அது 'நெட்'. வேறு லோட் ஒன்றும் இல்லாத சேர்வரில் பெஞ்ச்மார்க் எடுத்து, அதை புரொடக்‌ஷன் எண் எண்டு சொல்லுற மாதிரி. 1970 கமரோ இசட்28இன் எல்டி-1 எஞ்சின் 360 கிரொஸ். அதே பெயர் எஞ்சின் 1972இல் 255 நெட். இதில் அளவை மாற்றத்தோடு கொம்ப்ரஷன் குறைந்ததும் சேர்ந்திருக்கிறது. இந்த 255ஐ ஞாபகம் வைத்திருங்கோ, திரும்பி வரும்.

வாங்கின நேரம் எனக்கு நல்ல கொன்ட்ராக்ட். குளிர்காலம் முழுக்க இரவில் கராஜில் நின்று, 307ஐக் கழற்றாமல் 'மேம்படுத்தினேன்'. பெரிய காம்ஷாப்ட், 750 சிஎஃப்எம் காபரேட்டர், ஹெடர்ஸ் எனப்படும் நீளக் குழாய் எக்ஸோஸ்ட், புது மனிஃபோல்ட், குரோம் மூடிகள். எல்லாம் சேர்த்து 2,900 டொலர். அதில் குரோம் எவ்வளவு எண்டு கேக்காதேங்கோ.

ஸ்டார்ட் பண்ணின அன்று தெருவே திரும்பிப் பார்த்தது. ஐடிலில் கார் நடுங்கும், சன்னல் அதிரும். 500 குதிரைச் சத்தம். அப்பா கராஜ் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். "தம்பி, உது சத்தம். ஓட்டம் எங்க?"

ஓட்டம் இல்லைதான். 401இல் ஏறும்போது மச்சானுடைய சியன்னா என்னைச் சாதாரணமாகத் தாண்டிப் போனது. பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள், மேலே சைக்கிள். அந்த வான் 266 குதிரை எண்டு பிறகுதான் தேடிப் பார்த்தேன். மச்சான் இன்று வரைக்கும் அதைக் கலியாண வீடுகளில் சொல்லித் திரியிறான்.

உண்மையாக எவ்வளவு இருக்கிறது என்று அளக்க கயூகாவில் இருக்கிற ட்ராக் ஸ்ட்ரிப்புக்குப் போனேன். டைனோவுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. கால் மைல் ஓடி முடியிற இடத்தில் கார் எத்தனை மைல் வேகத்தில் போகுது எண்டு அவர்கள் தருகிற துண்டில் இருக்கும். அந்த வேகத்தை 234ஆல் வகுத்து, வந்த எண்ணை மூன்று தரம் தன்னோடு பெருக்கி, காரின் மொத்த எடையால் இறாத்தலில் பெருக்கினால், குதிரைவலு ஏறக்குறைய வந்துவிடும். எடுத்த நேரம் டயர் பிடிப்பையும் ஓட்டுகிறவனையும் பொறுத்தது. கடைசி வேகம் பெரும்பாலும் வலுவைத்தான் சொல்லும். என்னோடு சேர்த்து நோவா 3,500 இறாத்தல். துண்டில் 84 மைல். கணக்குப் போட்டால் 162 குதிரை.

130இல் தொடங்கி 162. கூடினது 32. ஒரு குதிரைக்கு 90 டொலருக்குக் கொஞ்சம் மேல். (பழைய எஞ்சினை முதலில் ஓட்டி அளக்கவே இல்லை, கம்பனியின் 130ஐத்தான் நம்புகிறேன். பேஸ்லைன் எடுக்காமல் ஒப்டிமைஸ் பண்ண வெளிக்கிட்டது, அதுவும் இதே வேலையில் சம்பளம் வாங்குகிறவன்.)

இலையுதிர் காலத்தில் வால்வுப் பக்கம் ஒரு தட்டுச் சத்தம் வந்தது. திறந்து பார்த்தால் காமின் ஒரு மேடு தேய்ந்து வட்டமாகிப் போயிருந்தது. அந்தக் காலத்து வி8இல் லிஃப்டரின் அடி தட்டையாக இருந்து காமின் மேல் நேரடியாக உரசும். புதுக் காம் போட்டால் முதல் 20 நிமிடம் 2,000 ஆர்பிஎம் அளவில் ஓடவிட்டுப் பழக்க வேண்டும், எண்ணெயில் துத்தநாகம் கூடுதலாக இருக்க வேண்டும். கட்டலிற்றிக் கொன்வேட்டருக்காக இப்போதைய எண்ணெய்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். நான் ஊற்றினது சிவிக்குக்கு வாங்கி வைத்திருந்த எண்ணெய். தேய்ந்த இரும்புத் தூள் முழுக்க பேரிங்குகளுக்குள் போய், எஞ்சின் முடிஞ்சுது. தை மாதம் கொன்ட்ராக்டையும் புதுப்பிக்கவில்லை.

கார் இரண்டு மாதம் போர்வைக்குக் கீழே கிடந்தது. மனைவி கத்தவில்லை, அதுதான் கஷ்டம். ஒரு இரவு சாப்பாட்டு மேசையில் சொன்னா: "நாலாயிரம். அதுக்கு மேல ஒரு சதமும் இல்லை. ஏலாட்டி உதை வித்துப்போடுங்கோ."

அந்த நாலாயிரம்தான் என்னைச் சரியாக யோசிக்க வைத்தது. கை நிறையக் காசு இருக்கிறபோது ஆரும் புரொஃபைலர் ஓட்டிப் பார்க்கிறதில்லை.

ஓஷாவா பக்கம் எஞ்சின் பிளொக்குகளுக்கு மெஷின் வேலை செய்கிற ஒரு வயதான வெள்ளைக்காரரிடம் போனேன். எத்தனை குதிரை வேணும் எண்டு அவர் கேட்கவில்லை. "எத்தனை ஆர்பிஎம்மில ஓடுவாய்?" எண்டுதான் கேட்டார். குதிரைவலு என்பது டோர்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 5,252ஆல் வகுத்தது, அவ்வளவுதான். ஆகவே கூட்டுவதற்கு இரண்டு வழி: ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் காற்றை உள்ளே எடுத்து டோர்க்கைக் கூட்டலாம், அல்லது வேகமாகச் சுற்றலாம். வேகமாகச் சுற்றுவதுதான் காசைத் தின்னும். பிஸ்டனையும் ரொட்டையும் இழுக்கிற விசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தோடு ஏறும். 6,000இல் இருந்து 7,000க்குப் போனால் வேகம் ஆறில் ஒரு பங்குதான் கூடும், விசையோ 36 வீதம் கூடும். உடனே நல்ல ரொட், நல்ல ஸ்பிரிங், நல்ல கிராங்க், நல்ல போல்ட் எல்லாம் வேண்டும். 5,500க்குக் கீழே நின்றால் பழைய இரும்பே போதும்.

பிறகு அவர் என் பழைய பாகங்களைப் பார்த்தார். காம் 292 பாகை. அது நீண்ட நேரம் வால்வைத் திறந்து வைத்திருக்கும், மேல் ஆர்பிஎம்மில் நல்லது. ஆனால் கீழே, பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் வால்வு மூடாமல் இருப்பதால் உள்ளே வந்த காற்றையே திரும்ப வெளியே தள்ளிவிடும். கொம்ப்ரஷன் நிறைய இருந்தால் அந்த இழப்பைத் தாங்கலாம். என் 307இல் 8.5க்கு 1. தாங்காது. மேல் ஆர்பிஎம்முக்குப் போனாலும், அந்தப் பழைய ஹெட்டுகளின் ஒடுக்கமான வழியால் காற்று வராது. அதாவது கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை. காபரேட்டரும் அப்படித்தான். கன அங்குலத்தை உச்ச ஆர்பிஎம்மால் பெருக்கி 3,456ஆல் வகுத்து, அதில் 85 வீதம் எடுத்தால் எஞ்சின் எவ்வளவு காற்றுக் கேட்கும் என்று தெரியும். 307க்கு 5,500இல் வருவது 415 சிஎஃப்எம். நான் வாங்கினது 750.

1967இல் ஜீன் ஆம்டால் சொன்னது எல்லாருக்கும் தெரியும்: ஒரு பகுதியை எவ்வளவு வேகமாக்கினாலும், மற்றப் பகுதி முழு நேரத்தில் எவ்வளவு எடுக்குதோ அதுதான் எல்லை. அதே 1967இல்தான் செவ்ரலேயின் 350 கன அங்குல எஞ்சின் கமரோவில் வந்தது. தற்செயல்தான், ஆனால் எனக்கு இப்ப இரண்டும் ஒரே பாடம். எஞ்சின் ஒரு காற்றுப் பம்ப். அதன் நெருக்கடி ஹெட்டில் இருந்தது. நான் நெருக்கடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காசைக் கொட்டியிருந்தேன்.

சரி, மலிவான நல்ல ஹெட் எங்கே? இதற்கு விடை பந்தயக் கடையில் இல்லை, ஸ்க்ராப் யார்டில் இருக்கிறது. 1996இல் இருந்து ஜிஎம் தன் லொறிகளுக்கும் வான்களுக்கும் போட்ட 5.7 லீற்றர் எல்31 எஞ்சினில் 'வோர்டெக்' ஹெட் என்று ஒன்று வரும். வார்ப்பு எண்ணின் கடைசி மூன்று இலக்கம் 906 அல்லது 062. வார்ப்பிரும்புதான், பாரம்தான், பார்க்க ஒரு வடிவும் இல்லை. ஆனால் காற்று போகிற வழியும் எரியறையின் வடிவமும் 60களின் ஹெட்டுகளை விட எவ்வளவோ மேல். எரிவு வேகமாக நடப்பதால் மொத்த ஸ்பார்க் அட்வான்ஸ் 32 பாகை அளவில் போதும். பழைய ஹெட்டுகள் 36 வரை கேட்கும்.

இன்னும் நல்லது என்னவென்றால், ஹெட்டை மட்டும் தேடத் தேவையில்லை, முழு எஞ்சினையும் வாங்கலாம். அது அதே பழைய ஸ்மோல் பிளொக் குடும்பம். 1972 நோவாவின் மவுண்டிலேயே இருக்கும், அதே கியர்பொக்ஸ் பூட்டும். கொம்ப்ரஷன் 9.4. லிஃப்டர் உருளை வைத்தது, ஆகவே காம் தேயிற பிரச்சினையும் இல்லை. வானில் அதன் வலு சுமார் 250 நெட். 1972 இசட்28இன் 255ஐ ஞாபகம் வைத்திருக்கச் சொன்னேன் தானே? ஏலத்தில் ஆக்கள் அடிபடுகிற அந்த எஞ்சினின் வலு, 1999இல் குழாய் திருத்துறவனின் வானுக்குள் இருந்தது.

நான் எடுத்தது 1999 ஜிஎம்சி சவானாவில் இருந்து, 550 டொலருக்கு. அப்பாவும் வந்தார். டிப்ஸ்டிக்கை இழுத்து மணந்து பார்த்துவிட்டு, "இது எரிஞ்ச மணம் இல்லை, எடு" என்றார். அவருடைய மூக்கை நான் நம்புவேன். 90களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடை இருந்த காலத்தில் அவர் ஏ40 ஒன்றை மண்ணெண்ணெயில் ஓட்டினவர். துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. எனக்கு அந்த வெள்ளைப் புகையும் மணமும் நினைவிருக்கு, காரணம் தெரியாது. இப்பதான் விளங்குது: மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு, கொம்ப்ரஷன் குறைந்த பழைய எஞ்சின் என்றபடியால்தான் அது தட்டாமல் ஓடியது. 9.4 கொம்ப்ரஷனில் அந்த வித்தை சரிவராது. "அதுக்குத்தான் அந்த நேரம் புதுக் கார் வச்சிருந்தவை எல்லாம் சைக்கிளில போனவை" என்று சிரித்தார்.

இனிக் கணக்கு. எஞ்சின் 550. மெஷின் வேலை 620: பிளொக்கைச் சோதித்து ஹோன் பண்ணி, வால்வுகளைத் திருத்தி, வால்வு கைடுகளை வெட்டி. ரிங், பேரிங், காஸ்கட், எண்ணெய்ப் பம்ப், டைமிங் செயின் 480. வோர்டெக் ஹெட்டுக்கு எட்டு போல்ட் மனிஃபோல்ட்தான் பொருந்தும், பழையது ஒன்றும் பூட்டாது, பாவித்தது 260. பாவித்த 600 சிஎஃப்எம் காபரேட்டரும் திருத்தும் கிட்டும் 280. டிஸ்ட்ரிபியூட்டர் 150. 1986க்குப் பிந்திய கிராங்குக்கு வேறு ஃபிளெக்ஸ்பிளேட் வேணும், 90. என் பிளொக்கில் மெக்கானிக்கல் பெற்றோல் பம்புக்கு இடம் இல்லை, ஆகவே எலெக்ட்ரிக் பம்பும் குழாயும் 210. எண்ணெய், கூலன்ட், சில்லறை 300. வால்வு ஸ்பிரிங் 190. பிறகு போடுவதற்கென்று வாங்கி வைத்த காம் 340. மொத்தம் 3,470. முதல் எஞ்சினின் ஹெடர்ஸை அப்படியே பாவித்தேன். நேர்மையாகப் பார்த்தால் அதன் 420ஐயும் சேர்க்க வேண்டும், 3,890.

இதில் ஒன்றே ஒன்றைத்தான் வேண்டுமென்றே செய்தேன்: காமை உடனே போடவில்லை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். முதல் கோடை முழுக்க வானின் அதே சாதுவான காமோடு ஓடினேன். கயூகாவில் 95 மைல். கணக்கில் 234 குதிரை. அடுத்த வசந்தத்தில் காமை மாற்றினேன். 292 மாதிரிப் பெரியது இல்லை, ஹெட்டுக்கும் கொம்ப்ரஷனுக்கும் ஏற்ற நடுத்தரம். 100 மைல். 273 குதிரை.

காம் 340, ஸ்பிரிங் 190, வோர்டெக் கைடுகள் கூடின லிஃப்டைத் தாங்காது என்பதால் அவற்றை வெட்டினதற்கு 120. ஆக 650 டொலருக்கு 39 குதிரை. ஒரு குதிரைக்கு 17 டொலருக்கும் கீழே. மற்ற எல்லாம் சேர்ந்து 3,240க்கு 104 குதிரை, ஒன்று 31 டொலர். இரண்டு எஞ்சினிலும் காம் மாற்றினேன். முதலாவதில் அது கீழ் டோர்க்கைக் கெடுத்து, கடைசியில் எஞ்சினையே கொன்றது. இரண்டாவதில் முழுப் பட்டியலிலும் மலிவான குதிரைகள் அதிலிருந்துதான் வந்தன. ஆகவே "நல்ல காம் எது?" எண்டு எழுதிக் கேட்டவைக்கு என்னிடம் பதில் இல்லை. உங்கட ஹெட் எது, கொம்ப்ரஷன் எவ்வளவு, கியர் என்ன எண்டு முதலில் எழுதுங்கோ.

எல்எஸ் பற்றிக் கேட்டவர்களுக்கு: சரியான கேள்வி. 1999இல் இருந்து வந்த 5.3 லீற்றர் லொறி எஞ்சின், எஞ்சினை மட்டும் பார்த்தால் என்னுடையதை விட மலிவான குதிரை. ஹெட்டே வேறு தலைமுறை. ஆனால் 1972 நோவாவுக்குள் அதை வைக்க வயரிங், கொம்பியூட்டர், உயர் அழுத்தப் பெற்றோல் அமைப்பு, எண்ணெய்த் தட்டு, மவுண்ட், எக்ஸோஸ்ட் எல்லாம் மாற வேண்டும். எனக்கு அது நாலாயிரத்துக்குள் அடங்கவில்லை. வெல்டிங் தெரிந்தவன், கராஜ் பெரிசாக இருக்கிறவன் என்றால் அதைத்தான் செய்ய வேண்டும். 383 ஸ்ட்ரோக்கர் நல்லது, காசு இருந்தால். ஒரு குதிரைக்கு எல்லாத்திலும் மலிவு நைட்ரஸ். மனைவிக்கு ஏற்கெனவே ஒரு எஞ்சின் சாவுக்குப் பதில் சொன்னவன், அந்தப் பக்கம் போகேல்லை.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள் மெஷின் வேலை, பேரிங் இடைவெளியை அளப்பது, எண்ணெய். 20 டொலர் எண்ணெய்தான் என்ர 2,900ஐக் கொண்டுபோனது.

போன சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு கயூகாவுக்குப் போனேன். ஓடி முடித்து வந்து துண்டை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு 100ஐப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பொனட்டைத் திறக்கச் சொன்னார். எஞ்சின் ஐடிலில் ஓட, தலையைச் சரித்துக் கொஞ்ச நேரம் கேட்டார். என் கையில் இருந்த ஸ்க்ரூட்றைவரை வாங்கி, காபரேட்டரின் கலவை ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பினார்.

வக்யூம் கேஜ் 14இல் நின்றது 15க்கு ஏறியது.

"இனி நீ தள்ளு," என்று டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். "வீட்ட நான் ஓட்டுறன்."